ஈரமானி

புயல் போய் ஆறாம் நாள்.
லேக் சார்ல்ஸ் முழுக்கக் கூரைகளில் நீலத் தார்ப்பாய்.
மின்சாரம் இல்லை, ஐஸ் இல்லை.
எங்கள் வெள்ளை வேன்கள் மட்டும் தெருவுக்கு இரண்டு.

காலைக் கூட்டத்தில் ராய்ஸ் கில்க்ரீஸ்ட் சொல்வார்:
ஒப்பந்தம் என்ற சொல் வாயில் வரக்கூடாது.
உள்ளே நுழைய ஓர் அனுமதி, அவ்வளவுதான்.
முதலில் சுவரைக் காட்டு, பிறகு பூஞ்சை என்று சொல்லு,
பிறகு டேப்லெட்டை நீட்டு.
பேசி முடிக்கும்வரை திரையின் அடிப்பாகம்
உன் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கட்டும்.

எனக்கு இது சீக்கிரம் வந்துவிட்டது.
நாலு நாளில் முப்பத்தொரு விரல்கள்.
சேறு காயாத விரல், மூக்கைத் துடைத்த விரல்,
கட்டுப்போட்ட விரல் ஒன்று;
அதை நானே பிடித்து இழுத்தேன்,
கையெழுத்து புழுப்போல் நெளிந்து வந்தது.
செல்லும் என்றார் ராய்ஸ்.

முப்பத்திரண்டாவது, ஓடில் ஃபான்ட்னோ.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்.
ஃப்ரீசர் உருகிவிட்டதென்று
வாசலில் கேஸ் அடுப்பு வைத்து
தெரு முழுவதற்கும் இறால் சமைத்துக்கொண்டிருந்தார்.
எனக்கும் ஒரு கிண்ணம் தந்தார். சாப்பிட்டேன்.
உப்பு சரியாக இருந்தது.

"கண்ணாடி வெள்ளத்தோடு போயிற்று" என்றார்.
"ஏழாவது பக்கத்தை நீயே படி."

அதுவரை நானும் ஏழாவது பக்கத்தைப் படித்ததில்லை.

என்ன வேலை, என்ன விலை
என்பதை நிறுவனமே தீர்மானிக்கும்.
காப்பீட்டுப் பணத்தைக் கேட்டு வாங்கும் உரிமை நிறுவனத்துக்கு.
இடையில் விலகினால் அந்தப் பணத்தில் நாலில் ஒன்று நிறுவனத்துக்கு.
வேண்டாமென்றால் மூன்று வேலை நாளுக்குள்
எழுதித் தர வேண்டும்.

கரண்டியை நிறுத்தாமல் "ம்" என்றார்.
"மறுபடி படி."
மறுபடி படித்தேன். கொஞ்சம் மெதுவாக.
"வேறு யார் வரப்போகிறார்கள்" என்று
விரலைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

எட்டு விசிறி போதுமான வீட்டில்
பத்தொன்பது இறக்கினோம்.
ஜெனரேட்டருக்குத் தனி வாடகை.

அன்றிரவு மோட்டல் அறையில்
என் வேலை ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன்.
பிப்ரவரியில், பார்க்கிங்கில், மழையில்,
இதே டேப்லெட்டில் நான் விரல் வைத்தது.
ஓராண்டுக்குள் விலகினால்
பயிற்சிச் செலவு நாலாயிரம் டாலர்.
நிறுவனத்தின் முறைகளை வெளியில் சொன்னால் வழக்கு.
அதே எழுத்துரு. அதே ஏழாவது பக்கம்.
அன்று திரையின் அடியில் இருந்தது
ராய்ஸின் கட்டைவிரல்.

ஈரமானியின் இரண்டு ஊசிகளையும்
உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன்.
பீப் பீப் என்று கத்தியது.
பெருமைப்பட ஒன்றுமில்லை;
தோல் என்றால் அது கத்தும்,
யாருடைய தோலானாலும்.

மூன்றாம் நாள் மாலை, வேனை விட்டுவிட்டு
நடந்து போனேன், ரத்துப் படிவத்தோடு.
விசிறிச் சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"இதை அனுப்பினால்?"
"இன்றிரவே எல்லா மெஷினையும் எடுத்துவிடுவார்கள்."
"சுவர்?"
ஊசியைக் குத்திக் காட்டினேன். முப்பத்துநாலு.
"எவ்வளவு இருந்தால் காய்ந்ததாக அர்த்தம்?"
"பதினைந்து."
"எத்தனை நாள் ஆகும்?"
"இன்னும் மூன்று."
"உன் முதலாளி எத்தனை சொல்வார்?"
"பதினொன்று."

படிவத்தைத் திருப்பி,
வெற்றுப் பக்கம் மேலே தெரிய,
இடுப்பளவு வெட்டிய சுவரின் விளிம்பில் வைத்தார்.
"இன்றைய அளவை எழுது. தேதி போடு.
மூன்று நாளில் காயும் என்று நீ சொன்னதை எழுது.
எத்தனை விசிறி போதும் என்பதையும்.
கீழே உன் பெயர்."

"படிவத்தை அனுப்பப் போவதில்லையா?"
"நள்ளிரவுவரை நேரம் இருக்கிறதே."

எழுதினேன். நாலாயிரம் டாலர்
ஒவ்வொரு எழுத்திலும் வந்து வந்து நின்றது.
பெயரில் பாதி போனதும் பேனா வழுக்கியது.
சுவரின் ஈரம் காகிதத்தில் ஏறியிருந்தது.

"அழுத்து" என்றார்.